நல்லிணக்க வாரியமும் மூன்றாவது வாசனையும்

அக்கா போன பிறகு அந்த வீட்டில் முதலில் மாறியவை பூனைகள்தான்.

அக்காவும் தங்கையுமாக இரண்டே பேர் இருந்த வீடு. ஆளுக்கொரு பூனை. அக்கா சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க நீராவிக்கு நடுவே நின்றுவிட்டு வந்தாலும் வீட்டில் உட்காரமாட்டாள். தன் அறைக் கதவு நிலையில் கன்னத்தைச் சாய்த்து நின்றபடியே அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிமுடிப்பாள். சின்னவளுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. மெழுகில் ஈறு வார்த்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, முகம் தெரியாத யாருக்கோ சிரிப்பு தயாரித்துக் கொடுப்பாள். எந்தச் சோப்பு போட்டாலும் போகாத ஒரு பிசின் நெடி அவள் கைகளில் இருந்தது. அதனாலோ என்னவோ, இரண்டு பூனைகளுமே அக்காவைத்தான் முதலில் தேடும்.

அக்காவின் பூனை கறுப்பு. கழுத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. அதற்கு வக்கீல் என்று பெயர். தங்கையினுடையது, பல் அச்சு எடுக்கும் வெள்ளைப் பொடியின் நிறம். அது மாவு. ஒன்றின் வயிற்றில் மற்றது தலைவைத்துத் தூங்கிய பூனைகள் அவை.

ஒரு நாள் வேலையிலேயே அக்காவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உறவுக்காரர்கள் வந்தார்கள், இருந்தார்கள், கிளம்பினார்கள். வீடு காலியான அன்று சாயங்காலம், அக்கா வேலை முடிந்து திரும்பும் நேரத்தில், வக்கீலும் மாவும் அவள் அறை வாசலுக்கு வந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. இரண்டும் தலையைத் தூக்கி மேலே பார்த்தன. நிற்கிற ஆளின் முகம் இருக்கும் உயரத்தில், வெறும் காற்றை, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தன. பிறகு, அங்கிருந்து யாரோ ஒன்றை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது போல, மற்றது திரும்பிப் பாய்ந்தது.

சின்னவள் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது வக்கீலின் காது கிழிந்திருந்தது. மாவு அலமாரிக்கு மேலே ஏறி, சொந்த வாலையே எதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே நேரம், அதே வாசல், அதே அண்ணாந்த பார்வை, அதே சண்டை. சின்னவளும் ஒருமுறை அவற்றின் பின்னால் நின்று அந்த உயரத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு அங்கிருந்து நகர அவளுக்குத் தைரியம் வரவில்லை. பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள்.

பூனை டாக்டர் காதுக்கு மருந்து போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"வீட்டு வாசனை மாறிப்போச்சும்மா. பூனை கன்னத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் இது நம்ம இடம், இது நம்ம ஆளுன்னு எழுதி வைக்கும். எழுதினதுல பாதி அழிஞ்சா அதுக்குப் பயம். பயந்த பூனை பக்கத்துல இருக்குறதைத்தான் அடிக்கும். நடுவுல கதவைச் சாத்துங்க. ரெண்டு பக்கமும் சாப்பாடு வைங்க. இது படுத்த துணியை அதுகிட்டப் போடுங்க. அந்தக் கன்னத்து வாசனையையே செயற்கையா செஞ்சு குப்பியில விக்கிறாங்க, பெரோமோன்னு பேரு. அதையும் சொருகிப் பாருங்க. சில பூனைக்குக் கேட்கும், சில பூனைக்குக் கேட்காது."

"எப்போ சரியாகும் டாக்டர்?"

"அதைப் பூனைகிட்டத்தான் கேட்கணும்."

அவள் அப்படியே செய்திருப்பாள். அதற்குள் கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிட்டார். இல்லப்பிராணி நல்லிணக்க வாரியம் வீடு தேடி வந்தது.

வாரியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்தில் ஆளாளுக்குப் பூனை வளர்த்து, பூனைகள் சண்டை போட்டு, அதனால் மனிதர்கள் சண்டை போட்டு விவகாரம் முற்றியபோது ஏற்படுத்தப்பட்டது அது. பெரிய கட்டடம். வாசலில் 'முகர்வோம், உயர்வோம்' என்று கல்லில் வெட்டியிருந்தது. உள்ளே இரண்டு பிரிவுகள்: சுவரில் மாட்டும் குப்பியை நம்பும் சொருகல் பிரிவு, துணியில் அடிக்கும் திரவத்தை நம்பும் தெளிப்புப் பிரிவு. இரண்டுக்கும் ஆகாது. ஒரே மாடியில் இருந்தும் தனித்தனிப் படிக்கட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். வாரியத் தலைவருக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும். அதனால்தான் நடுநிலையானவர் என்று அவரை நியமித்தார்கள்.

முதலில் வந்தவர் நல்லிணக்க அலுவலர். தொப்பையும் தோல்பையுமாக, செருப்பைக் கழற்றாமலே கூடத்துக்கு வந்து, கையளவு குப்பி ஒன்றை அக்காவின் அறை வாசலை ஒட்டிய பிளக் பாயிண்டில் சொருகினார். அதன் அடியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"அவ்வளவுதான்மா. இனிமே உங்க வீட்ல அமைதி அரசாங்கப் பொறுப்பு."

"ஒண்ணும் வாசனை வரலையே சார்."

"வராது. எனக்கும் வராது. தலைவருக்கே வராது. அதான் இதோட சிறப்பு. சோபாவுக்குப் பின்னாடி சொருகக் கூடாது, திரைச்சீலை மறைக்கக் கூடாது, பக்கத்துல நின்னு சந்தேகப்படக் கூடாது."

"சந்தேகமா?"

"போன வருஷம் ஒரு வீட்ல வேலை செய்யல. விசாரிச்சுப் பார்த்தா வீட்டுக்காரருக்கு நம்பிக்கையே இல்ல. பூனை என்ன பண்ணும் பாவம்."

கதவைச் சாத்திவைக்கச் சொன்ன டாக்டரின் யோசனையைச் சின்னவள் தயங்கியபடி எடுத்துச் சொன்னாள். அலுவலர் முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்தது.

"டாக்டர் பார்க்குறது உடம்பு. நாங்க பார்க்குறது உறவு. கதவைச் சாத்தினா சண்டை வராதுதான். ஆனா அப்போ குப்பி வேலை செய்யுதா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்தே வைங்க. சண்டை வரணும், வந்து நிக்கணும். அதுதான் முறை."

சண்டை வந்தது. நிற்கவில்லை. குப்பியின் விளக்கு மட்டும் அறை வாசலில் செந்நிறமாக எரிந்துகொண்டிருக்க, இரண்டு பூனைகளும் அந்த வெளிச்சத்தில் மேலே பார்த்தன. அவற்றின் கண்களில் விளக்கு தெரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில் வேறு ஏதோவும் தெரிந்தது போல் சின்னவளுக்குப் பட்டது. அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அலுவலர் இன்னும் குப்பிகளுடன் வந்தார். வீட்டில் இருந்த எல்லாப் பிளக் பாயிண்டிலும் சொருகினார். ஃப்ரிட்ஜைக் கழற்றினார். மின்விசிறியைக் கழற்றினார். அக்காவின் அறையில் அவள் இஸ்திரிப்பெட்டி மாட்டும் இடத்திலும் ஒன்றைச் சொருகினார். பால் கெட்டது. சின்னவள் பக்கத்துக் கடையில் சாப்பிட்டாள். பூனைகள் சண்டை போட்டன.

பிறகு தெளிப்புப் பிரிவு வந்தது. இரண்டு பெண்கள், முகமூடி போட்டவர்கள். குப்பிகளைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளிடம், "சொருகி வச்சிருக்காங்க பாரு, பாவம்," என்றாள், வீட்டில் ஏதோ விஷக்காய்ச்சல் இருப்பது போல. எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்துவிட்டு, கட்டில், தலையணை, நாற்காலி, சின்னவளின் கால்மிதி எல்லாவற்றிலும் அடித்தார்கள். மறுநாள் அலுவலர் வந்து மூட்டையைப் பார்த்து, சொந்தக்காரர் வீட்டில் அவமானப்பட்டவர் போல் உட்கார்ந்துவிட்டார்.

"யார் இதைப் பிடுங்கினது?"

"தெளிப்புக்காரங்க வந்தாங்க சார்."

"நீங்க உள்ள விட்டீங்க."

"வாரியம்னு சொன்னாங்க."

"வாரியம் நாங்கம்மா. அவங்க வாரியத்துல இருக்காங்க. ரெண்டும் வேற."

அவர் திரும்பச் சொருகினார். அவர்கள் திரும்பப் பிடுங்கினார்கள். வக்கீலும் மாவும் அலமாரிக்கு மேலே ஏறி, இந்தச் சண்டையைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தன. அது ஒன்றுதான் அந்த வாரங்களில் அவை ஒற்றுமையாகச் செய்த காரியம். சாயங்காலம் ஆனதும் இறங்கி, அறை வாசலுக்குப் போய்விடும்.

கடைசியில் இரண்டு பிரிவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின: தங்கள் பொருளில் குறையில்லை, இந்த வீட்டில்தான் ஏதோ இருக்கிறது. அளந்து பார்க்க மூக்கரை அனுப்பினார்கள்.

மூக்கர் என்பது வாரியத்தில் அவருக்கு இருந்த பட்டப்பெயர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். சின்ன வானொலி போன்ற ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு வருவார். வாசனையை அளக்கும் முகர்மானி அது. அதன் மூக்கைச் சுவரில் வைத்தால் முள் ஆடும். அலுவலர் பின்னால் நிற்க, மூக்கர் வீடு முழுக்க முழங்கால் உயரத்தில் தவழ்ந்தார். நாற்காலிக் காலில் வக்கீலின் வாசனை. கட்டில் ஓரத்தில் மாவினுடையது. குளியலறைக் கதவில் இரண்டும். அக்காவின் அறை வாசலுக்கு வந்ததும் முள் துடித்தது. அவர் கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கினார். முழங்கால், இடுப்பு, தோள் என்று அது ஏறிக்கொண்டே போனது. நிலைச்சட்டத்தில் ஒரு இடத்தில் மரம் மட்டும் கைபட்ட செம்பு போல மினுமினுத்தது. அங்கே கருவி சன்னமாக ஒலி எழுப்பியது.

மூக்கர் எழுந்து நின்றார். அவர் கன்னம் இருந்த உயரம் அது.

"மூணாவது ஒண்ணு இருக்கு," என்றார்.

அலுவலர் உற்சாகமாகிவிட்டார். "பதிவு பண்ணாத பூனையா?"

"பூனை இல்ல சார். ஆள்."

சின்னவள் அந்த இடத்தைத் தொட்டாள். "அது எங்க அக்கா. அங்கதான் சாஞ்சு நிப்பா."

"கூப்பிடுங்க," என்றார் அலுவலர்.

"இறந்துட்டா சார்."

"எப்போ காலி பண்ணினாங்க?"

"இறந்துட்டான்னு சொன்னேனே."

"அம்மா, பொறப்பு எறப்பெல்லாம் சுகாதாரத் துறை. அவங்க பாட்டுக்கு எதையாவது எழுதிக்குவாங்க. எங்க விதிப்படி வாசனை இருக்குற வரைக்கும் ஆள் இருக்காங்க. வாரியத்துல சொல்லாம ஒரு ஆளை வீட்ல வச்சிருக்கீங்க. அந்த ஆள் தினமும் சாயங்காலம் வந்து ரெண்டு பூனைக்கும் நடுவுல நின்னு தூண்டிவிடுறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் அவங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

அந்த நேரம் பார்த்து வக்கீல் வந்து, மூவரையும் தாண்டி, நிலைச்சட்டத்துக்கு நேரே உட்கார்ந்து மேலே பார்த்தது. அலுவலர் தன்னையறியாமல் ஒரு அடி விலகி, அங்கே யாருக்கோ வழிவிட்டார்.

அடுத்த வாரம் விசாரணை. அக்காவும் நேரில் வரவேண்டும் என்று உத்தரவு. வரத் தவறினால் ஒரு பூனையைப் பிரித்து வாரியத்தின் அமைதிக் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அலுவலர் வாய்மொழியாகவும் சொல்லிவிட்டுப் போனார். எந்தப் பூனை என்று அவள் கேட்டதற்கு, "எது அமைதியா இருக்கோ அது. அங்க சத்தம் போட்டா எங்களுக்குக் கஷ்டம்," என்றார்.

விசாரணைக் கூடத்தில் சுவர் முழுக்கக் குப்பிகள் எரிந்தன. மேடையில் தலைவர். அவருக்கு இடப்பக்கம் சொருகல் பிரிவின் துணை இயக்குநர், வலப்பக்கம் தெளிப்புப் பிரிவின் துணை இயக்குநர். கீழே இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் சின்னவள் உட்கார்ந்தாள். மற்றது அக்காவுக்கு. அக்கா போன நாளிலிருந்து அவளுக்கென்று யாரும் ஒரு நாற்காலி போட்டதில்லை. கடைக்காரர் ஒரு ஆளுக்கான ரொட்டியைத்தான் கட்டிக் கொடுக்கிறார். சலவை நிலையத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இந்த உலகத்தில் அக்காவுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, துடைத்தும் வைத்திருந்தது இந்த வாரியம் ஒன்றுதான்.

பணியாள் தண்ணீர் கொண்டுவந்து சின்னவளுக்கு ஒரு டம்ளர் வைத்தார். காலி நாற்காலிக்கு முன்னாலும் ஒன்று வைத்தார்.

தலைவர் முகர்மானியைக் கொண்டுவரச் சொன்னார். மூக்கர் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் அதை வைத்தார். அக்காவின் கம்பளிச் சால்வையைச் சின்னவள் குளிருக்குப் போர்த்திவந்திருந்தாள். முள் லேசாக ஆடியது.

"ஆஜர்," என்றார் தலைவர் திருப்தியாக. பிறகு காலி நாற்காலியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"அம்மா, வேலையெல்லாம் விட்டுட்டு வந்ததுக்கு நன்றி. உங்களுக்கு எதிரா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க இருக்கீங்கங்கறதுதான் பிரச்சனை. ஒரு வீடுன்னா, இருக்குறவங்க இருக்கணும், இல்லாதவங்க இல்லாம இருக்கணும். நீங்க ரெண்டுலயும் சேராம கதவுலயே நின்னா பூனை குழம்பாதா? ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

கூடம் காத்திருந்தது. குப்பிகளின் விளக்குகள் சத்தமில்லாமல் எரிந்தன. சின்னவளும், தன்னை மீறி, பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

தலைவர் நெகிழ்ந்துவிட்டார். "பாருங்க. இங்க வர்றவங்க கத்துவாங்க, அழுவாங்க, மேஜையைத் தட்டுவாங்க. இந்த அம்மா எவ்வளவு பொறுமையா உட்கார்ந்திருக்காங்க. எல்லாக் குடும்பத்துலயும் எல்லாரும் இவங்களை மாதிரி இருந்தா இந்த வாரியத்துக்கு வேலையே இருக்காது."

துணை இயக்குநர்கள் இருவரும் தலையாட்டினார்கள்.

"ஆட்சேபனை ஏதும் இல்லாததால், இவரை வெளியேற்ற உத்தரவிடுகிறேன்," என்று தலைவர் எழுத்து நடையில் முடித்தார். தும்மினார். பணியாள் வந்து இரண்டு டம்ளரையும் எடுத்தபோது, காலி நாற்காலிக்கு முன்னால் இருந்ததில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்தார். அவர் பார்த்ததைச் சின்னவள் பார்த்தாள்.

வெளியேற்றும் குழு ஒரு பகல் பொழுதில் வந்தது. கையுறை, வாளி, ஏதோ நெடியடிக்கும் திரவம். மேலும் கீழுமாக வீட்டைத் துடைத்தார்கள். சால்வை, தலையணை உறை, சலவை நிலையத்தின் மேலங்கி, பல் உடைந்த சீப்பு எல்லாம் உறைகளில் போய் மூடப்பட்டன. நிலைச்சட்டத்தை ஒரு ஆள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். மரத்தூள் தரையில் கொட்டியது. அந்த மினுமினுப்பு போய், மரம் புதிதாக வெட்டியது போல வெளுத்தது.

சின்னவள் அவர்களைத் தடுக்கவில்லை. ஒரு பூனையாவது மிஞ்சட்டும் என்றில்லை. இரண்டும் மிஞ்சவேண்டும் என்பதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள். "கொஞ்சம் மெதுவா தேய்ங்க," என்று மட்டும் சொன்னாள். தேய்த்தவர் காரணம் கேட்கவில்லை, மெதுவாகத் தேய்த்தார்.

மூக்கர் கடைசியாக வந்து, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அளந்தார். முள் அசையவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "சுத்தமா இருக்கு," என்றார்.

அன்று சாயங்காலம் பூனைகள் வாசலுக்கு வந்தன. உட்கார்ந்தன. மேலே பார்க்கவில்லை. மாவு நிலைச்சட்டத்தை முகர்ந்தது, வக்கீல் முகர்ந்தது. பிறகு இரண்டும் எழுந்து, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல், வீட்டின் இரண்டு மூலைகளுக்குப் போய்ப் படுத்தன. சண்டை இல்லை. விளையாட்டும் இல்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டன. வாடகைக்கு வந்த இரண்டு பேர் போல வீட்டில் நடமாடின. வக்கீல் மட்டும் எப்போதாவது ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய், வாயைத் திறந்து, சத்தம் வராமல் மூடிக்கொள்ளும்.

கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். புகார் கொடுத்த மனிதர் என்பதால் வாசற்படியிலேயே நின்றார்.

"சத்தமே இல்லையேம்மா. எல்லாம் நல்லபடியா இருக்கீங்கள்ல?"

"இருக்கோம் சார்."

"இல்ல, சும்மா. நான் புகார் கொடுத்தது சத்தத்துக்குத்தான். இப்படி ஆக்கணும்னு இல்ல." சட்டை பட்டனைத் திருகிக்கொண்டே நின்றார். "உங்க அக்கா வேலையிலேர்ந்து வந்தா படியேறுற சத்தம் கேட்கும். அதுக்கப்புறம் இந்தப் பூனைங்க ஓடுற சத்தம். பூனைங்க சண்டை போட்டப்போ, ஏதோ அவங்க வந்துட்ட மாதிரி இருக்கும் எனக்கு. பயமா இருந்துச்சும்மா. அதான் கொடுத்தேன். இப்போ அதுவும் இல்ல. இதுவும் பயமா இருக்கு."

அவர் இறங்கிப் போனார். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

வாரியம் மகிழ்ச்சியில் இருந்தது. அந்த வருடத்தின் முழுமையான வெற்றி இதுதான் என்று விழா எடுத்தார்கள். சின்னவள் இரண்டு கூடைகளில் இரண்டு பூனைகளோடு மேடையில் உட்கார வைக்கப்பட்டாள். தலைவர் பேசினார்.

"பல பேர் கேட்கிறார்கள், அமைதியை எப்படி உருவாக்குகிறீர்கள் என்று. நாங்கள் எதையும் உருவாக்குவதில்லை. சத்தம் எதனால் வருகிறதோ அதை எடுத்துவிடுகிறோம். பாசத்தால் வந்தால் பாசத்தை. ஞாபகத்தால் வந்தால் ஞாபகத்தை. எல்லாம் எடுத்தபிறகு மிச்சம் இருக்கிறதே, அதற்குத்தான் அமைதி என்று பெயர். இந்தப் பூனைகளைப் பாருங்கள். இவற்றுக்கு இப்போது எதுவுமே இல்லை. எவ்வளவு நிம்மதி."

கைதட்டல் எழுந்தது. பூனைகள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வெற்றிக்கான கேடயத்தைத் தலைவர் எடுத்து நீட்டியபோதுதான், அதை வாங்க இரண்டு துணை இயக்குநர்களும் எழுந்தார்கள்.

"காத்துல பரவினது எங்க குப்பி," என்றார் இடப்பக்கத்தவர்.

"துணியில இறங்கினது எங்க தெளிப்பு," என்றார் வலப்பக்கத்தவர்.

ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். முதலில் சிரித்துக்கொண்டுதான் இழுத்தார்கள். ஒருவர் கண்ணாடி விழுந்தது. மற்றவர் தொண்டையிலிருந்து, மனிதர்கள் கூட்டத்தில் வழக்கமாக எழாத ஒரு நீண்ட உறுமல் வந்தது. யாரோ ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் இருந்த பிளக் பாயிண்டில் இன்னொரு குப்பியைச் சொருகினார்கள். சண்டை மேஜைக்கு அடியில் போனது. தலைவர் தும்மிக்கொண்டே, நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றதாக அறிவித்தார்.

சின்னவள் இரண்டு கூடைகளையும் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். மூக்கர் பின்னாலேயே வந்து ஒரு கூடையை வாங்கிக்கொண்டார். பேருந்து நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். அங்கே நின்றதும் அவருடைய தோளில் தொங்கிய கருவி சன்னமாக ஒலித்தது.

அவள் அதைப் பார்த்தாள். முள் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன அது?"

"அதே மூணாவதுதான்," என்றார் அவர். "அன்னைக்கு வீட்லயும் நீங்க பக்கத்துல வந்தப்போ ஆடுச்சு. உங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டுத்தான் அளந்தேன். சால்வையிலேர்ந்து வந்ததா, கூடப் பொறந்தவங்கன்னு வந்ததா, தெரியல. உங்க மேல இருக்கு."

"இதைச் சொல்லணுமா நீங்க? அவங்ககிட்ட?"

"வீட்டைத் துடைக்கத்தான் உத்தரவு. ஆளைத் துடைக்க இன்னும் விதி வரல. வரும்." அவர் கருவியின் பின்பக்கத்தைத் திறந்து பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். முள் விழுந்தது. தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க அம்மா போனப்புறம் எங்க வீட்டையும் அளக்கச் சொன்னாங்க. நான்தான் அளந்தேன். சுத்தமா இருக்குன்னு சொன்ன அப்புறம்தான் அது சுத்தமா ஆச்சு."

பேருந்து வந்தது. அவர் கூடையை உள்ளே வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சின்னவள் விளக்கைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேலைக்குப் போகாத நாள். கையில் பிசின் நெடி இல்லை. கூடைகளைத் திறந்துவிட்டாள். மாவு வந்து அவள் கணுக்காலை முகர்ந்தது. வக்கீல் மடியில் ஏறி, கழுத்தருகே மூக்கை வைத்து, அப்படியே நின்றது. பிறகு அவள் தாடையில் தன் கன்னத்தை ஒரு முறை இழுத்துத் தேய்த்தது. இன்னொரு முறை. அதைக் கண்ட மாவும் ஏறியது. மடி ஒரு பூனைக்குத்தான் போதும். வக்கீல் காதை மடக்கி உறுமியது. மாவும் விட்டுக்கொடுக்காமல் உறுமியது. நகம் அவள் முழங்காலில் இறங்கியது. அவள் அழுதுகொண்டிருந்தாள், வலிக்காக இல்லை.

சண்டை முற்றும் முன் மாவைத் தூக்கி அடுத்த அறையில் விட்டு, நடுவில் கதவைச் சாத்தினாள். இரண்டு பக்கமும் சாப்பாடு வைத்தாள். டாக்டர் சொன்னது போலத் துணிகளை மாற்றிப்போட்டாள். எப்போது சரியாகும் என்று யாரையும் கேட்கவில்லை. மெல்ல மெல்ல, கதவின் அடி இடைவெளியில் ஒரு கறுப்புப் பாதமும் ஒரு வெள்ளைப் பாதமும் ஒன்றையொன்று தொட்டுப் பார்க்க ஆரம்பித்தன.

அப்படி ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. வாரியத்தின் இயந்திரக் குரல்.

"வணக்கம். உங்கள் இல்லத்தில் அமைதி நிலவுகிறதா? ஆம் எனில் ஒன்றை அழுத்தவும். மிகவும் ஆம் எனில் இரண்டை அழுத்தவும்."

அவள் எதையும் அழுத்தவில்லை.

"நன்றி. இல்லத்தில் வசிப்போர் எத்தனை பேர்? எண்ணை அழுத்தவும்."

அவள் யோசித்தாள். இரண்டை அழுத்தினாள்.

"நன்றி. தயவுசெய்து தொலைபேசியை மற்றவரிடம் கொடுக்கவும்."

சின்னவள் சாப்பாட்டு மேஜைக்குப் போய், எதிர்ப்பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டு, அதன் மேல் தொலைபேசியை வைத்தாள். கதவின் இரண்டு பக்கமும் பாதங்கள் அசையாமல் நின்றன. குரல் அந்த நாற்காலியிடம் அதே கேள்வியைக் கேட்டது. வெகுநேரம் காத்திருந்தது.

"உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது," என்றது குரல். "நன்றி."